மொட்ஸ் என்றொரு கோப்புறை

இரண்டாயிரத்து நான்கில் வந்த பஸ் ஓட்டும் விளையாட்டு.
செய்த கொம்பனி பூட்டுப்பட்டுப் பதினைந்து வருஷம்.
உள்ளே இருந்தது ஏதோ ஒரு குளிர் ஊர்:
பனி, பைன் மரம், வரிசை தப்பாத விளக்குகள்,
ஏறும்போதே சரியான சில்லறை நீட்டும் பயணிகள்.
மூன்று நாளில் அலுத்திருக்க வேண்டும்.

செய்தவர்கள் போகும்போது
ஒரு கோப்புறையைப் பூட்டாமல் விட்டுப் போயிருந்தார்கள்.
அதற்குள் எதைப் போட்டாலும்
பஸ் அதை ஊர் என்று நம்பியது.

நான் முதலில் போட்டது ஒரு ஹோர்ன்.
பம்பலப்பிட்டிச் சந்தியில் கைபேசியை நீட்டிப் பதிந்தது.
பின்னால் யாரோ ஒருவர் ஏசுவதும் சேர்ந்து விழுந்துவிட்டது.
வெட்டிவிடாதே என்று எழுதினான்
குருணாகலிலிருந்து பசிந்து.
இன்றைக்கும் நான் ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம்
அந்த மனிதர் ஏசுகிறார்.

பிறகு பசிந்து காலி வீதியைப் போட்டான்.
தெமட்டகொடை ஸுமையா மழையைப் போட்டாள்,
வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலைசெய்கிற மழை.
பெயர் சொல்லாத யாரோ
எஞ்சின் மூடியின் மேல் குந்தியிருக்கும் ஒரு பயணியைப் போட்டார்.
அவர் எந்தத் தரிப்பிலும் இறங்கமாட்டார்.
பிழையா, விருப்பமா, கேட்க ஆளில்லை.
கண்டக்டருக்குக் குரல் நான்.
மிச்சக்காசு பிறகு என்று இரண்டு மொழியிலும் சொல்வேன்,
இரண்டிலும் கொடுக்கமாட்டேன்.

டீசல் இல்லாத அந்த வருஷம்
பசிந்து ஒரு வரிசையைச் செய்தான்.
உண்மையாகவே ஆறு மணித்தியாலம் நிற்க வேண்டும்.
எவன் விளையாடுவான் என்று சிரித்தேன்.
நாலாயிரம் பேர் இறக்கினார்கள்.
வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு வந்து
கரண்ட் இருந்த நேரத்தில் திரும்பவும் நின்றார்கள்.
இந்த வரிசையில் கடைசியில் டீசல் கிடைத்தது.

சண்டை வந்தது சாவடியால்.
வெள்ளவத்தைப் பாலத்தடியில் நான்தான் கட்டினேன்:
மணல் மூட்டை, தகரம், டோர்ச் வெளிச்சம்.
பஸ் நிற்கும். அட்டை பார்ப்பார்கள்.
சிலர் இறங்குவார்கள்.
திரும்ப ஏறும்போது சிலவேளை
ஒரு தலை குறையும்.
நூற்றுக்கு மூன்று என்று எண் கொடுத்திருந்தேன்,
எந்தக் கணக்கில் என்று கேட்டால் தெரியாது.

விளையாட்டுக்குள் இது எதற்கு என்றார்கள்.
ஸுமையா இருக்கட்டும் என்றாள்.
பசிந்து இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை.
பிறகு சிங்களத்தை ஆங்கில எழுத்தில் தட்டினான்:
"கம்பஸ் காலம் முழுக்க அந்த பஸ்ஸில் போனேன்.
என்னை ஒருநாளும் இறங்கச் சொன்னதில்லை.
ஜன்னலால் பார்த்துக்கொண்டு இருந்தேன்."

அழிக்கச் சொல்லவில்லை அவன்.
மெனுவில் ஒரு சின்னச் சதுரம் செய்து அனுப்பினான்.
'சாவடி.' சரி போட்டால் இருக்கும், எடுத்தால் இராது.
அப்படி ஒரு சதுரத்தை
இந்த நகரம் எனக்கு நீட்டியதே இல்லை.

மச்சான் போன வருஷம் புது விளையாட்டொன்று வாங்கினான்.
ஒவ்வொரு மழைத்துளிக்குள்ளும் தெருவிளக்கு தெரியும்.
ஷோரூம் கார் மாதிரி, சுற்றிப் பார்க்கலாம், தொடக்கூடாது.
தை மாதம் சேர்வரை நிறுத்திவிட்டார்கள்.
காசு கொடுத்து வாங்கிய நகரம்
லொகின் பக்கத்தோடு நிற்கிறது.

நேற்றிரவு சதுரத்தில் சரி எடுத்துவிட்டு
நூறாம் இலக்கத்தைக் கோட்டையிலிருந்து எடுத்தேன்.
ஸுமையாவின் மழை. எஞ்சின் மேல் அதே ஆள்.
பாலத்தடி வெறுமையாய்க் கிடந்தது.
ஆனாலும் பஸ் தானாக வேகம் குறைத்தது.
நிரலில் எங்கோ நான் அழிக்க மறந்த ஒரு வரி.
நிறுத்திவிட்டுத் தேடினேன், கண்டுபிடித்தேன்,
நாநூற்றுப் பன்னிரண்டாவது வரி.
விட்டுவிட்டேன்.

திரும்ப எடுத்து, ஹோர்ன் அடித்தேன்.
பின்னாலிருந்து அந்த மனிதர்
யாரையோ ஏசத் தொடங்கினார்.